கவனிக்க வந்தவள்

கல்கத்தா கிடர்பூரில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தேழு வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கும் இராஜமாணிக்கத்துக்கு, முதுகுக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்தாலே ஆகாது. மாதங்கி மூன்று நாள் அங்கேதான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஆபீசுக்குப் புது சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. வேலை செய்கிறவர்களைக் கேட்டும் பார்த்தும் எழுதிக்கொண்டு போவது அவள் பொறுப்பு. ஆள்குறைப்புக்கு வைத்த வேவு இது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"அங்கிள், இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" அதே ஊர் டாக்குரியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழில் கேட்டால் இளகுவார் என்று நினைத்தாள்.

"ஷோப் டீக் ஆச்சே," என்றார் பெங்காலியில். எல்லாம் சரியாக இருக்கிறதாம். கேள்வித்தாளிலும் மேலிருந்து கீழ்வரை 'திருப்தி' என்றே டிக் அடித்துக் கொடுத்தார்.

ஆனால் கன்டெய்னர் எண்களை முதலில் துண்டுக் காகிதத்தில் எழுதி, பிறகே அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவதை அவள் பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கம்" என்றதோடு சரி.

அடுத்த வாரம் மேனேஜர் சுந்தரராஜன் அவளுடைய அறிக்கையைப் படித்தார். "ஒரே வேலைய ரெண்டு தடவையா?" என்று இராஜமாணிக்கத்தின் மேஜையிலிருந்த துண்டுக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்.

புது சாஃப்ட்வேரின் திரைகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு மாதங்கி மறுபடி வந்தபோது, இராஜமாணிக்கம் அவற்றைத் தொடவேயில்லை. இந்த முறை தமிழில்தான் பேசினார்.

"நீ எழுதினே, அவர் பறிச்சார். இன்னும் என்னம்மா எழுதணும்?"

அவள் முகம் செத்துவிட்டது. "ஏன்னு தெரியலைன்னுதான் எழுதினேன், அங்கிள்."

"தெரியணுமா? மேனேஜரை இங்க வந்து உட்காரச் சொல்லு."

அவள் போய் அழைத்து வந்தாள். இராஜமாணிக்கம் முப்பது கன்டெய்னர் கொண்ட பட்டியலை நீட்டி, நேரே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து, ஏழு இலக்கம். பதினான்காவதில் சுந்தரராஜனுக்கு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பேசி முடிப்பதற்குள் திரை தானாக மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தால் ஓர் எண்கூட இல்லை.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவை சொன்னேன் சார். என் கைக்கு வேகம் போதாதுன்னீங்க."

மாதங்கி அதையும் எழுதிக்கொண்டாள். சுந்தரராஜன் அவளை முறைத்தார், எழுதின வரியை அவள் அடித்துவிடவில்லை.

காகிதம் மறுநாளே திரும்பி வந்தது. ஏற்றினது அழியாத புதுத் திரை வர நாலு மாதமாயிற்று. எப்படி இருக்கிறது என்று கேட்ட மாதங்கியிடம், "வேலை செய்யுது" என்றார் இராஜமாணிக்கம். சுந்தரராஜன் இப்போதெல்லாம் அவரிடம் நேரில் பேசுவதில்லை. எதுவானாலும் பியூனிடம் சொல்லி அனுப்புகிறார். இராஜமாணிக்கத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.