வலப்பக்கம் இரண்டு ஸ்பீக்கர்கள்

ஒரு காய்ச்சலில் என் இடது காது கேட்காமல் போன மறு வருடம், கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் நல்ல ஸ்பீக்கர்கள் வைக்க முடிவு செய்தேன். உயரமான வளைவுக் கூரை கொண்ட பெரிய கூடம், இருமினால்கூட எதிரொலிக்கும்.

பார்க்க வந்த கடைக்காரர், "இந்த உயரத்துல சவுண்டு சிதறும் மேடம். ஃபால்ஸ் சீலிங் போட்டுருங்க" என்றார். அந்தக் கூரைக்காகவே வீட்டை வாங்கியவள் நான். முடியாது என்றேன்.

உடனிருந்த என் அண்ணன் சிரித்தார். "ஒத்தக் காதுக்கு எதுக்குத் தாயி இம்புட்டு ஆர்ப்பாட்டம்? ஹெட்போன் வாங்கிக்க."

"மிச்சம் ஒண்ணுதாண்ணே இருக்கு. அதுக்கு நல்லதாத்தான் குடுப்பேன்."

எதிரொலியைக் குறைக்கத் தடித்த கம்பளம் விரித்தேன், கனத்த திரைகள் தொங்கவிட்டேன். ஸ்பீக்கர்கள் இரண்டையும் என் நாற்காலியை ஒட்டி வலப்பக்கமே வைக்கச் சொன்னேன்.

"யாரும் இப்படி வைக்க மாட்டாங்க மேடம்."

"இங்க உக்காந்து கேக்கப்போறது நான்தானே? வைங்க."

அன்று மாலை நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். எதிரொலி முழுதும் போய்விடவில்லை. ஆனால் தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அண்ணன் கைகாட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.