முதலில் கம்பளி வாங்குங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் காப்பிக்கடையில் முனியாண்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு லோரி ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஓர் இசைக்குழு தொடங்கியிருக்கிறார். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் பாடிக் காட்டுவார்.

கையில் ஒரு கேட்டலாக். ஈப்போ கடையில் கொடுத்தார்களாம். அதில் நான்கு பெட்டிகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். எக்கோ, ரிவெர்ப், ஈக்குவலைசர்... நான்காவது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. படத்தில் அழகாக இருந்ததாம். வட்டம் போட்டுவிட்டார்.

“அண்ணே, நீங்க அந்தக் காலத்துலயே மைக் செட் பாத்த ஆளு. இப்ப ஒரு பெட்டிதான் வாங்க முடியும். மொதல்ல எத வாங்கலாம்? சொல்லுங்கலா.”

நான் ஒரு வாய் காப்பி குடித்தேன்.

“கம்பளி.”

முனியாண்டி கேட்டலாக்கை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

“அது எந்தப் பக்கத்துல இருக்கு?”

அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்தாவதாக உட்காரவே கூச்சப்படுகிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச வராததால் எழுதுகிறேன். அதனால் முனியாண்டிக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓர் இசைக்குழு இருந்தது. பாடகர் ராஜமாணிக்கம். ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. கீழே ஸ்பானர் பிடிக்கும் கை, மேடை மேலே மைக் பிடித்ததும் நடுங்கும் – பயத்தால் அல்ல, பாட்டின் பாவத்தால். அப்படித்தான் அவர் சொல்லுவார்.

நான் அதே ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் இருந்தேன். ஓடுகிற மிஷினில் ஒரு பேரிங் தேய ஆரம்பித்தால் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆம்பிளிஃபயரை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு அது பிடித்தது. ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால், ஒரு வருடம் எல்லாரும் பார்த்தார்கள்.

கோயில் திருவிழா. எஸ்டேட் ஹாலில் மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. தகரக் கூரை, சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை. தோட்டத்து மேனேஜர் துரையும் அவர் மனைவி துரைசானியும் முன் வரிசையில். ராஜமாணிக்கம் உச்சத்துக்குப் போய்க் கண்ணை மூடினார்... கீஈஈஈ என்று ஒரு சத்தம்! ஸ்பீக்கர் ஊளையிட்டது. ஹாலுக்கு வெளியே இருந்த நாய்கள் பதிலுக்கு ஊளையிட்டன. துரை மரியாதையான மனிதர். இரண்டு காதையும் பொத்திக்கொண்டே தலையாட்டி ரசித்தார்.

கோயில் கமிட்டித் தலைவர் வீராசாமி கங்காணி மேடைக்கு வந்தார்.

“ஏய் சின்னையா, என்னாய்யா இது? பன்னி அறுக்கிறியா பாட்டு வைக்கிறியா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அடுத்த வருஷமும் இப்படிக் கத்துச்சுன்னா தாப்பா பேண்டக் கூப்பிட்டுருவேன். ஒங்க குழுவ மூட்ட கட்டி ஸ்டோர்ல போட்டுட வேண்டியதுதான். அம்மன் சாமி மேல சத்தியம்.”

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அதே ஹாலில்தான் ஞாயிறுதோறும் மதியம் ஒத்திகை. தொழிலாளர் லயத்து ஜனம் பாதி வந்து உட்கார்ந்து கேட்கும். அப்போதெல்லாம் ஒரு கீச்சுகூட இல்லை! திருவிழா அன்று மட்டும் ஊளை. ஏன்?

“திருஷ்டி” என்றார் ராஜமாணிக்கம். மைக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். பாடும்போது மிளகாய் மூக்கில் இடித்தது. அந்தத் தும்மலும் மைக்கில் நன்றாகத்தான் கேட்டது.

அது சரிப்படாது என்று தெரிந்தபின் பெட்டி வாங்குவதென்று முடிவானது. இருக்கிற காசுக்கு ஒன்றே ஒன்று. நானும் ராஜமாணிக்கமும் பஸ் பிடித்து ஈப்போ போனோம்.

கடைக்காரச் சீனர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது ஈக்குவலைசர். வரிசையாகப் பத்துக் குமிழ்கள், மேலும் கீழும் தள்ளலாம். “இது கெட்ட சத்தம் மட்டும் வெட்டும். பாகுஸ், நல்ல சாமான்!” என்றார். ஒரு குமிழை இறக்கினார். கடை ஸ்பீக்கரில் இருந்த கூர்மை மட்டும் மழுங்கியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. தேய்ந்த பேரிங்கைக் கழற்றி வைத்த மாதிரி!

இரண்டாவது எக்கோ. உள்ளே ஒரு டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். ராஜமாணிக்கம் மைக்கை வாங்கி, “ராஜமாணிக்கம்” என்றார்.

“மாணிக்கம்... ணிக்கம்... க்கம்...” என்றது பெட்டி.

அவ்வளவுதான். மனிதர் விழுந்துவிட்டார். அவர் பேரை அத்தனை தடவை, அத்தனை பிரியமாக, அதற்கு முன்பு யாரும் சொன்னதில்லை.

நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். “அந்த இன்னொரு பெட்டி...” என்று ஆரம்பித்தேன்.

“சின்னையா, கேட்டியா? நான் செத்தாலும் என் கொரல் இருக்கும்யா!”

சட்டையை விட்டுவிட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதற்குக் கூலி எப்போதும் வட்டியோடு வரும். எனக்கு அடுத்த ஞாயிறே வந்தது. எக்கோவைப் பூட்டி, ஆளில்லாத ஹாலில் சோதித்துப் பார்த்தேன். ஊளை வந்தது. ஒரு தடவை அல்ல... மூன்று தடவை.

பெட்டி வீணாகவில்லை. வீராசாமி கங்காணி காலைப் பெரட்டுக்கு, அதுதான் விடியற்காலையில் ஆள் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம், அதை இரவல் வாங்கிப் போனார். “எல்லாம் மலைக்குப் போங்க” என்றார். “போங்க... போங்க... போங்க...” என்றது பெட்டி. “என்னாலா இவரு, இன்னிக்கு இம்புட்டு வெரட்டுறாரு!” என்று பெண்கள் கோபித்துக்கொண்டு அன்று முழுக்க மெதுவாகவே கொழுந்து கிள்ளினார்கள். பெட்டி அன்றே திரும்பி வந்துவிட்டது.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒத்திகை நாளான அந்த ஞாயிறு காலையிலேயே எங்கள் மலையில் அபூர்வமான ஒன்று நடந்தது. வெயில் அடித்தது.

வெயில் வந்தால் எங்கள் லயத்தில் என்ன செய்வார்கள்? கம்பளி துவைப்பார்கள். வீட்டுக்கு வீடு கொடியில் கம்பளி தொங்கியது. ஜனம் வெறும் தோளோடு ஹாலில் வந்து உட்கார்ந்தது. ராஜமாணிக்கம் உச்சத்துக்குப் போனார். கீஈஈஈ! ஒத்திகையில் முதன்முதலாக ஊளை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாக் குமிழையும் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது மேகம் இறங்கியது. தூறல். “ஐயோ, கம்பளி!” என்று பெண்கள் எழுந்து ஓடினார்கள். பாதி காய்ந்ததைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

ஊளை இளைத்தது. தேய்ந்தது. நின்றது.

இந்தத் தடவை நான் எந்தக் குமிழையும் தொடவில்லை! கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பளி சத்தத்தைக் குடிக்கிறது. சிமெண்டுச் சுவர் குடிக்காமல் துப்புகிறது. ஒத்திகைக்கு ஜனம் கம்பளியோடு வருகிறது. திருவிழாவுக்கு? புதுச் சேலை! பிளேடு போலக் குளிர் வெட்டினாலும் எந்தப் பெண் புதுச் சேலையைக் கம்பளிக்குள் மறைப்பாள்? எல்லாரும் கம்பளியை வாசலிலேயே, செருப்பு விடுகிற மாதிரி, குவித்துவிட்டு உள்ளே வருவார்கள்.

சுவரில் கம்பளியைத் தொங்கவிடலாமா என்று கங்காணியிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“தொர வர்ற எடத்துல துணி காயப் போடுறியா?”

என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அவள் அந்த வருடம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை எடுத்திருந்தாள். சேலைப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஒரு வருஷம் பாத்துப் பாத்து எடுத்தது. ஒங்க மைக்கு கத்துதுன்னு நான் மூடிக்கணுமா? மைக்க மூடுங்க.”

நியாயம்தானே?

திருவிழா வந்தது. ஹால் முழுக்கப் பளபளப்பு. பற்கள் தந்தியடித்தன. வாசலில் கம்பளி மலை. ராஜமாணிக்கம் முதல் பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியிலேயே கீ... கீ... கீ... – இப்போது எக்கோ உபயத்தில். துரையின் கைகள் பழக்கத்தில் காதுக்குப் போயின.

கங்காணி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அவர் மேடைக்கு வர இருபது அடி. வந்தால் குழு முடிந்தது. எனக்கு அந்த ஆம்பிளிஃபயரைத் தவிர நாலு பேரோடு இருக்க வேறு வழி கிடையாது. எழுந்தேன். ராஜமாணிக்கத்தின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். வாழ்க்கையில் முதன்முதலாக மைக்கில் பேசினேன்.

“எல்லாரும்... கம்பளியப் போத்திக்குங்க.”

“போத்திக்குங்க... திக்குங்க... குங்க...”

எக்கோவை அணைக்க மறந்துவிட்டேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:

“இவருக்குக் குளுந்தா இவரு போத்திக்கட்டும்லா!”

சிரிப்பு. இன்னொருத்தி, “புதுச் சேல கட்டியிருக்கேன், முடியாது!” என்றாள். காது சுட்டது. கங்காணி மேடைப் படியில் காலை வைத்துவிட்டார்.

சரோஜா எழுந்தாள்.

என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். பிறகு முந்தானையை விரித்து விட்டுக்கொண்டு, முன் வரிசையிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். மெதுவாக. துரை பக்கம், ஆண்கள் பக்கம், பின் வரிசை, ஜன்னல் பக்கம்... ஹாலை முழுதாக ஒரு சுற்று. மயில் கழுத்தை எல்லாரும் பார்த்தாயிற்று. வாசலுக்குப் போனாள். குவியலிலிருந்து எங்கள் பழுப்புக் கம்பளியை உருவினாள். தலையோடு போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பெண்களுக்கு உடனே புரிந்தது. ஒரு சுற்று, பிறகு கம்பளி!

அடுத்தவள் எழுந்தாள். அதற்கடுத்தவள். பிறகு வரிசையே கட்டிவிட்டார்கள். “தள்ளுக்கா, என் மொறை!” “வேகமா நட, பின்னால ஆள் நிக்கிது!” ஆர்மோனியக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் நடைக்குத் தக்கபடி வாசிக்க ஆரம்பித்தார். இது ஏதோ பழைய கோயில் சடங்கு என்று நினைத்த துரை, எழுந்து கைகூப்பி நின்றார். துரை நின்றதால் கங்காணியும் படியிலிருந்து இறங்கிக் கைகூப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் துரைசானியும் கவுனோடு ஒரு சுற்றுச் சுற்றி, யாருடைய கம்பளியையோ போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தக் கம்பளிக்காரி இன்றைக்கும் அதைத் துவைக்கவில்லை என்கிறார்கள்.

ராஜமாணிக்கம் மறுபடி பாடினார். உச்சத்துக்குப் போனார். அங்கேயே நின்றார். அவர் குரலும் அதன் எக்கோவும் தவிர வேறொன்றும் இல்லை. நான் ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன். குளிர்தான்.

கைதட்டல்? கம்பளிக்குள்ளிருந்து தட்டினால் எப்படிக் கேட்கும்? இருநூறு பேர் தலையணையைத் தட்டுவது போல இருந்தது. அதைவிட நல்ல கைதட்டலை நான் கேட்டதில்லை.

“சரி, அடுத்த வருஷமும் நீங்களே பாடுங்கய்யா” என்றார் கங்காணி. பெண்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

“ஒவ்வொரு வருஷமும் எங்களால மூடிக்கிட்டு ஒக்கார முடியாது. அந்த இன்னொரு பெட்டி என்னான்னு கேளுங்க” என்று வீட்டுக்கு வீடு வசூல் செய்து சரோஜா கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே ஈக்குவலைசர் வந்துவிட்டது. ஈப்போ கடையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. சரோஜாவே கூட வந்து, “அது” என்று காட்டினாள்.

இசைக்குழு வைத்திருப்பவர்களே, எந்தப் பெட்டியை முதலில் வாங்குவது என்று ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்? புதுச் சேலை கட்டியவர்களை ஒரே ஒரு மாலை கம்பளிக்குள் உட்கார வையுங்கள். பெட்டி தானாக வரும்.

அடுத்த திருவிழாவில் ஊளை இல்லை. கம்பளியும் இல்லை. ஆனால் அந்தச் சுற்று நிற்கவில்லை. கச்சேரி தொடங்குமுன் பெண்கள் இன்றும் ஹாலை ஒருமுறை சுற்றி வருகிறார்கள். புதிதாக வந்த துரை கைகூப்பி நிற்கிறார். எந்தச் சாமிக்கு என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அன்று முனியாண்டியிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்டலாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“யோசிச்சுப் பாத்துட்டேண்ணே. எக்கோதான். பேரச் சொன்னா திருப்பிச் சொல்லுது பாருங்க... அடடா! தீவாளிக்குக் கச்சேரி, கட்டாயம் வந்துருங்க.”

வருகிறேன் என்று தலையாட்டினேன். போர்த்திக்கொண்டுதான்.