மரமீனும் ஒரு மூச்சும்

இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என் அறைச் சுவர் தட்டத் தொடங்கியது. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை. டொக், டொக், டொக் என்று அவசரமே இல்லாத தட்டு. யப்பானில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்புகளின் அதிர்வைச் சோதிப்பது என் வேலை. இயந்திரம் பழுதாகும் முன் அதன் சத்தம் மாறும். அதைக் கேட்டுப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே குறிப்புப் புத்தகத்தில் சந்தேகங்களை வரிசையாக எழுதினேன். தண்ணீர்க் குழாய். மேல்மாடிக்காரரின் சமையலறை. காற்றாடியில் தளர்ந்த ஆணி. ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோடு போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. சனிக்கிழமை மாலை வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பௌத்த ஆலயம் இருந்தது. விளையாட்டு உடுப்பு அணிந்த ஒரு பெண், மெத்தையில் வைத்த உருண்டை மரம் ஒன்றைத் தடியால் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குடைந்த, மேலே மீன் செதில் செதுக்கிய மரம். மொகுக்யோ என்கிறார்கள். மரமீன் என்று பொருள்.

அவர் ஹருகோ சான், ஆலயத் துறவியின் மனைவி. இங்கே துறவிகள் திருமணம் செய்வார்கள் என்பதே எனக்குப் புதிது. "சத்தம்..." என்று தொடங்கினேன். அது என்ன கருவி என்று கேட்கத்தான். அவர் உடனே எழுந்து மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் முதல் தட்டு மெலிந்துபோனது. தடியில் துணி சுற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் மறுபடி போய், கைபேசி அகராதியைக் காட்டி, "பெலமாகத் தட்டுங்கள்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். "ஆ, பௌத்த நாடு! அப்படியென்றால் இது உங்களுக்கு வீட்டுச் சத்தம்." மோட்டர், திருகாணி, கசிவு எல்லாவற்றுக்கும் என்னிடம் யப்பானியச் சொற்கள் இருந்தன. எங்கள் வீட்டைச் சொல்ல இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாழைச்சேனையில் எங்கள் வீட்டில் பௌத்த ஓதலின் சத்தத்துக்கு இடமில்லை. எனக்குப் பத்து வயதில் அண்ணன், கிரான் ஊர்ப் பக்கத்து வயல் வட்டையொன்றில் வெள்ளாமை வெட்டப் போனான். திரும்பி வரவில்லை. அம்மா அவனைத் தேடி வீதியோர இராணுவ முகாமின் வாசலில் போய் நின்றார், ஒரு நாளல்ல, மாதக்கணக்காக. முகாமுக்குள் ஒரு புத்தர் சிலையும் ஒலிபெருக்கியும் இருந்தன. பிரித் என்னும் பௌத்த ஓதல் வீதிவரை கேட்கும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு என்று சில ஒழுங்குகள் உண்டாயின. வானொலியில் பிரித் வந்தால் நிறுத்துவார். பஸ்ஸில் கேட்டால் சேலைத் தலைப்பால் காதை மூடுவார். போயா என்னும் பௌர்ணமி நாளில் வீதிப்பக்கக் கதவைப் பூட்டுவார். அப்பா இறந்த பிறகும் அந்த ஒழுங்குகள் மாறவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த நான் இங்கே ஐந்து மணி ஆவதற்குக் காத்திருந்தேன். பகல் முழுக்க உலோகம் உலோகத்தில் உரசும் சத்தம் காதுக்குள் நிற்கும். மரம் அப்படி இல்லை. தட்டினால் ஒலிக்கும், உடனே அடங்கும், பின்னால் எதையும் விட்டுவைக்காது. பத்து நிமிடத்தில் என் தோள்கள் தாமாகவே இறங்கும். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியும். ஆனாலும் வெட்கம் குறையவில்லை.

ஞாயிறு மாலைகளில் அம்மாவுடன் பேசுவேன். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே ஒன்றரை, சாப்பாடு முடிந்த நேரம். ஒரு ஞாயிறு, கதையின் நடுவே கேட்டார்.

"என்ன மகள் அது, டொக்கு டொக்கெண்டு?"

"பக்கத்தில ஒரு ஆள் மரவேல செய்யிறார், அம்மா."

"நல்ல கை. இடைவெளி ஒண்டும் பிசகல்ல. நீ கதையாத, கொஞ்சம் அப்பிடியே வை."

வைத்தேன். ஓதல் தொடங்கும் முன் யன்னலைச் சாத்தினேன். அம்மாவுக்கு நெஞ்சுப் படபடப்பு. அதற்கு மாத்திரை போடுகிறவர். அன்று பேச்சை முடிக்கும்போது, "இதக் கேக்க நெஞ்சு ஆறுதலா இருக்கு" என்றார். அண்ணன் போன பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அடுத்த நாளே ஒலிப்பதிவு செய்தேன். ஓதுவதற்கு முன் சில நிமிடம் வெறுமனே தட்டிக் கையைப் பழக்குவது ஹருகோ சானின் வழக்கம். அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஓதுவதைக் கணினியில் வெட்டிவிட்டு அனுப்பினேன். அம்மா தினமும் மதியம் அதைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஓட்டமாவடியிலிருந்து துணி கொண்டுவரும் ரஹீமா ராத்தா அதைக் கேட்டுவிட்டு, "என்னக்கா, மகள் யப்பானுக்குத் தச்சு வேலக்கா போயிரிக்கா? ஒரு அலுமாரி அடிச்சு அனுப்பச் சொல்லுங்க!" என்றாராம். அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். இரண்டாம் நாள் மதியம், பாயில் படுத்திருந்த அம்மா கைபேசியை நெஞ்சில் வைத்தபடியே கேட்டார்.

"மகள், இது முடியிற இடத்தில ஆரோ மூச்செடுக்கிறாங்க. எதையோ சொல்ல வாற மாதிரி. மறுகா ஒண்டும் இல்ல. என்ன சொல்ல வாறார் அந்த மரவேலக்காரர்?"

நான் கணினியில் ஒலியின் அலைக்கோட்டைக் கண்ணால் பார்த்து வெட்டியிருந்தேன். மூச்சு அவ்வளவு சிறியது. திரையில் கோடு தட்டையாகத் தெரிந்திருக்கும். தொழிற்சாலையில் இப்படி ஒரு பிழை விட்டால் கூசிப்போவேன். இருமினார் என்று சொல்லியிருக்கலாம். அம்மா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒரு பன்சலை, அம்மா. தட்டுறது ஒரு பொம்பிள. மூச்செடுத்துப்போட்டு பிரித் மாதிரி ஒண்டு ஓதுவா. அத நான் வெட்டிட்டன்."

அம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்துபோய், இரவுக்கு வைத்திருந்த இறாலை உரிக்கத் தொடங்கினார். நான் குசினி வாசலில் நின்றேன். பாதிக் கோப்பை நிறைந்தது.

"நெஞ்சு ஆறுதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கன். உன்ர அண்ணன் கேட்டா என்ன நினைப்பான்?"

நினைத்திருப்பான் என்று அவர் சொல்லவில்லை; அண்ணன் இன்னும் இருக்கிறான் என்பது போலத்தான் கேட்டார்.

"முழுசாப் போடு" என்றார். வெட்டாத பதிவு என் கைபேசியில் அப்படியே இருந்தது. போட்டேன். தட்டு, மூச்சு, பிறகு ஹருகோ சானின் தடித்த குரல். அம்மா உரித்த இறாலைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றார்.

"அது வேற, இது வேற. தெரியுது. ஆனா எனக்கு ரெண்டும் ஒண்டுதான், மகள். அந்த வாசல்ல நிக்கக்குள்ள, இது ஓதி முடியட்டும், முடிஞ்சோடன ஆரும் வந்து பேரைக் கேப்பாங்க எண்டு நிப்பன். முடியும். ஒருத்தரும் வாறல்ல. மறுகா அடுத்தது தொடங்கும்."

அம்மா அந்தச் சத்தத்தை வெறுக்கிறார் என்று மட்டும்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது முடிவதற்காக அவர் காத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மரம் ஒரு குத்தமும் செய்யல்ல. அது இருக்கட்டும். அந்த மூச்சையும் வெட்டு. இல்லாட்டி என்ன சொல்லப் போறாங்க எண்டு காத்துக் கிடப்பன்."

அன்று மாலையே கணினியில் உட்கார்ந்தேன். அலைக்கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தபோது, கடைசித் தட்டு அடங்கும் முன்பே மூச்சு தொடங்கியிருந்தது. மூச்சை எடுத்தால் கடைசித் தட்டும் போகும். அம்மாவிடம் கேட்டேன். "போகட்டும்" என்றார்.

திரும்பி வந்ததும் ஹருகோ சானிடம் போனேன். நான் பௌத்தர் அல்ல என்று சொன்னேன். என் அம்மா மரத்தை மட்டும் கேட்பார், ஓதுவதைக் கேட்பதில்லை என்றும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என் குரல் அப்படி. என் கணவரும் இதைத்தான் சொல்வார்." நான் அகராதியைத் திறந்தேன். முகாம் என்ற சொல்லைத் தேடினேன். கூடாரம் போட்டுத் தங்கும் குடும்பம் ஒன்றின் படம் வந்தது. கைபேசியை மூடிவிட்டு நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது மாலை ஐந்து. வாழைச்சேனையில் அம்மா படுத்திருப்பார். அவருடைய தாளம் ஒரு தட்டுக் குறைவாக முடிந்திருக்கும். அந்தக் கடைசித் தட்டு சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிறது. ஹருகோ சான் மூச்செடுக்கிறார். யன்னலைச் சாத்துவதா, திறந்தே விடுவதா என்று தெரியாமல் கொளுக்கியில் கை வைத்தபடி நிற்கிறேன்.