கூரையைத் திறக்க ராத்தா பட்ட பாடு

இறைவனைப் புகழ்ந்து இந்த நினைவு மலரைத் தொடங்குகிறோம். எங்கள் ராத்தா வபாத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. “மலரில் நல்லதை மட்டும் எழுது, பழைய கோபங்களைக் கிளறாதே” என்று குடும்பத்தில் சிலர் சொன்னார்கள். ராத்தாவுக்கு நடந்ததைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை. அவரது தங்கையான நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

ராத்தா பிறந்ததும் வாழ்ந்ததும் கல்முனைக்குடியில் உம்மாவின் வளவில், அவரது வீட்டுக் காணியில்தான். வாப்பா நெல் வயல் செய்தவர். நாங்கள் மூன்று பிள்ளைகள்: மூத்தவர் அண்ணன் காக்கா, அடுத்து ராத்தா, கடைசி நான். எங்கள் ஊர் வழக்கப்படி வளவு பெண்பிள்ளைகளுக்கு வந்தது. தெற்கே முன்பாதியில் என் வீடு, பின்பாதியில் ராத்தாவின் வீடு. அவரது வீட்டுக்கு மேற்கிலும் வடக்கிலும் அடுத்தவர்களின் சுவர்கள். கிழக்குப் பக்கம் மட்டும் தென்னந்தோட்டமாகத் திறந்து கிடந்தது. யன்னல்கள் எல்லாம் அந்தப் பக்கமே இருந்தன.

மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், மௌத்தாகிவிட்டார். கணவனை இழந்தவர் வீட்டில் இருக்கும் இத்தாக் காலம் முடிந்த கையோடு ராத்தா தன் ஹோலில் பாலர் பாடசாலை தொடங்கினார். நம் தெருவில் இன்று பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளில் பலர் அந்த ஹோலின் தரையில் குந்தியிருந்து ‘அ’ எழுதியவர்கள். அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்தார். ஒருவரிடமும் கையேந்தவில்லை.

பிறகு அந்தத் தோட்டத்தை ஒருவர் வாங்கினார். எல்லையில் ஓர் அடிகூட விடாமல் மூன்று மாடிச் சுவரை எழுப்பினார். ராத்தா யன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சீமெந்து. சுவர் எழும்பும்போதே ராத்தா அவரிடம் நேரில் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

“தம்பி, கொஞ்சம் உள்ளுக்கு எடுத்துக் கட்டுங்க. புள்ளைகள் படிக்கிற இடம்.”

“என்ட காணிக்குள்ளதானே கட்டுறன் டீச்சர்” என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

மாநகர சபையில் முறைப்பாடு செய்தோம். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டப்பகலில், ஹோலுக்குள் நுழைந்ததும் தன் கைபேசியின் டோர்ச்சை அடித்துத்தான் சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “பெரிசா பாதிப்பு ஒண்டும் தெரியல்ல” என்றார். தெரியாதுதான். இருட்டில் அவருக்கு என்ன தெரியும்?

அன்றிலிருந்து பகல் முழுக்க பல்ப் எரிந்தது. மின்வெட்டுக் காலம் வந்ததும் அதுவும் இல்லாமல் போனது. பிள்ளைகள் இருட்டுக்குப் பயந்து அழுதார்கள். தாய்மார் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் காலை பத்து மணியளவில் குசினியிலிருந்து தேநீரோடு வந்த ராத்தா, படி தெரியாமல் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, தேநீர் காலில் கொட்டி வெந்தது. நோய் விசாரிக்க வந்தவர்கள் அப்பிளும் திராட்சையும் கொண்டுவந்தார்கள். “பொறுமையா இரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டியவர் வசதிக்காரர் அல்லவா.

கையில் கட்டோடு கிடந்த ராத்தா, ஆஸ்பத்திரி நடைபாதை ஒன்றில் கூரையில் கண்ணாடி பதித்திருந்ததைப் பற்றிச் சொன்னார். “சுத்திவர மூடிட்டாங்க. மேல ஒருத்தரும் இன்னும் மூடல்லதானே” என்றார். ஹோலின் கூரையை வெட்டி ஒரு யன்னல் வைப்பது என்று முடிவெடுத்தார்.

அப்போதுதான் எங்கள் காக்காவுக்குக் கோபம் வந்தது. சுவர் எழும்பியபோது வராத கோபம்.

“மூணாம் மாடியில இரிந்து பார்த்தா ஊட்டுப் பொம்புளைகள் தெரியும். ஆக்கள் என்ன கதைப்பாங்க?”

“அப்ப மூணாம் மாடிக்காரர்ட கண்ணத் தாழ்த்தச் சொல்லுங்க காக்கா” என்றார் ராத்தா. “என்ட கூரைய ஏன் மூடச் சொல்றீங்க?”

“மார்க்கம் எண்டு ஒண்டு இரிக்கி.”

“இரிக்கி. அண்டை வீட்டார்ட ஹக்கு, அவங்கட உரிமை, அதுவும் அதிலதான் இரிக்கி. அத அங்க போய்ச் சொன்னீங்களா?”

காக்கா எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். ஊர் மேசன்மாரும் “காக்காட விருப்பம் இல்லாம” என்று இழுத்தார்கள். கடைசியில் பக்கத்து ஊரான வீரமுனையிலிருந்து தச்சுவேலை செய்யும் ஓர் ஓடாவியார் வந்தார். ஓட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி மரச்சட்டம் அடித்து, மழை இறங்காதபடி சுற்றிலும் தகடு மடித்து, வெளிச்சம் மட்டும் வரும் மங்கல் கண்ணாடியைப் பதித்தார். மூன்றாம் மாடியிலிருந்து என்ன, கூரையில் ஏறி நின்று பார்த்தாலும் உள்ளே ஓர் உருவமும் தெரியாது. இதை ராத்தா முதலிலேயே காக்காவிடம் சொல்லியிருந்தார். காக்கா கேட்கவில்லை.

கடைசி ஓடுகளை எடுத்தபோது நான் ஹோலில் நின்றேன். தூசியோடு வெயில் தரையில் விழுந்தது. ராத்தா சுவரில் பிள்ளைகள் ஒட்டிய படங்களைக் கிட்டப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்த மீன் பச்சையா? நான் நீலம் எண்டெல்லே நெனச்சன்” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுசிக்குத் தன் வீட்டுச் சுவரில் இருக்கும் நிறத்தைப் பார்க்க இவ்வளவு போராட வேண்டுமா?

அடுத்த கிழமையே பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கரண்ட் போனாலும் வகுப்பு நிற்கவில்லை. பின்னர் சிறுநீரக நோய் பிடித்துப் படுக்கையில் விழுந்தபோது, கட்டிலை ஹோலுக்கே கொண்டுவரச் சொன்னார். அங்கேயே, ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில், மகளின் கையைப் பிடித்தபடி கலிமாவோடு பிரிந்தார்.

ஜனாஸா வீட்டுக்கு அந்த மூன்று மாடிக்காரரும் வந்தார். கையேந்தி, “யா அல்லாஹ், டீச்சர்ட கப்ர விசாலமாக்கி, வெளிச்சமாக்கி வெய்யி” என்று உருக்கமாகக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். துஆவை மறுக்கக் கூடாது என்பதற்காக நானும் ஆமீன் சொன்னேன். ஆனால் இன்றுவரை என் நெஞ்சு ஆறவில்லை. மண்ணுக்குள் போன பிறகு வெளிச்சம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, உயிரோடு இருந்தவருக்கு ஓர் அடி விடத் தெரியவில்லை.

காக்கா இப்போது தன் மகளின் வீட்டுக்கும் கூரை யன்னல் வைத்திருக்கிறார். அதே ஓடாவியார்தான். ராத்தா இருக்கும்போது இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காக்காவும் வாசிப்பார் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆட்களின் பேச்சுக்குப் பயப்படாமல் வேலையை முடித்துத் தந்த ஓடாவியாருக்கும், நோய்க்காலத்தில் ராத்தாவைத் தாயைப் போல் பார்த்த தாதிமாருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், பிள்ளைகளை மீண்டும் அனுப்பிய தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் ராத்தாவின் கப்ருக்கு வெளிச்சம் கேட்டு துஆச் செய்யுங்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போனதும், உங்கள் சுவர் யாருடைய யன்னலை மூடிக்கொண்டு நிற்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.