கோலுக்குள் நின்ற பிரதம விருந்தினர்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பந்தை உருட்டுவதென்றாலும் பிரதம விருந்தினர் வேண்டும், பேச்சு வேண்டும், பொன்னாடை வேண்டும். அந்தக் கோடையில் மொன்றியல் தமிழர்களின் உதைபந்தாட்டப் போட்டிக்கு அப்பா பிடித்துக்கொண்டு வந்தது எங்கள் கீழ்வீட்டுக் கிழவரை. யூதர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் ஹங்கேரியில் பெரிய கழகமொன்றின் கோல்காப்பாளர். எனக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளை என்று விளையாட விடாமல் பொன்னாடைத் தட்டைக் கையில் தந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒருவழியாகப் பேச்சுகள் முடிந்தன. விருந்தினர் பந்தை ஒருமுறை தட்டிவிட்டுக் கதிரைக்குத் திரும்ப வேண்டும். அதுதான் வழக்கம். கிழவரோ பந்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். பொன்னாடையைக் கழற்றி என் தட்டில் போட்டார். கோட்டும் சப்பாத்துமாக நேரே போய்க் கோலுக்குள் நின்றார்.

சனம் கைதட்டியது. சித்தப்பாதான் அணித்தலைவர். தான் அடித்தால் வலை கிழியும் என்று சொல்லித் திரிகிற ஆள். அப்பா அவர் காதுக்குள், "மெள்ள உருட்டடா. விழுந்து கிழுந்து போனா ஆர் பதில் சொல்லுறது?" என்றார்.

சித்தப்பா குழந்தைக்கு உருட்டுவதுபோல உருட்டினார். கிழவர் அசையவில்லை. காலடியால் போன பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவதும் அப்படியே. பிறகு முகம் சிவந்து பிரெஞ்சில் கத்தினார். அப்பா தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார்.

"உண்மையா அடிக்கட்டாம். அதுவரைக்கும் வெளியால வரமாட்டாராம்."

"அண்ணை, மனிசன் செத்துப்போனா?"

"அவர்தானே கேக்கிறார். அடி."

சித்தப்பா அடித்தார். கிழவர் பாய்ந்தார். பாய்ந்தார் என்பது கொஞ்சம் அதிகம், சரிந்தார். பந்து தோளில் மோதி வெளியே போனது. கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். புல்லில் மல்லாந்து கிடந்து வயிறு குலுங்கச் சிரித்தார். தூக்கிவிட ஓடிய சித்தப்பாவுக்குக் கோல் விழாத ஆத்திரம் வேறு.

தோளுக்கு ஐஸ் வைத்தபோது கிழவர் சொன்னதை, வீடு திரும்பும் வழியில் அப்பா அம்மாவுக்குச் சொன்னார். நாஜிகளின் முகாமில் காவலர்கள் பொழுதுபோக்குக்குப் பந்தடிக்கும்போது இவரைக் கோலுக்குள் நிறுத்துவார்களாம். ஒன்றையும் பிடிக்கக் கூடாது. பாய்வதுபோலப் பாய்ந்து பந்தை உள்ளே விட்டுவிட வேண்டும். விட்டால் சூப் கிடைக்கும். அப்படித்தான் உயிர் தப்பினாராம்.

காரின் பின் ஆசனத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த எனக்கு விளங்கவேயில்லை. பந்தைச் சும்மா விட்டாலே சாப்பாடு. அவ்வளவு சுகமான விளையாட்டைப் பழகிய மனிசன், இன்றைக்கு ஏன் இப்படி அடம்பிடித்தார் என்று யோசித்துக்கொண்டே அடுத்த ரோல்ஸை எடுத்தேன்.