மூக்கில் பஞ்சு

நிட்டிங் ஷிப்ட் முடிந்து, பனியன் கம்பெனி ஷெட்டிலேயே நள்ளிரவில் என் ஓராள் நாடகத்துக்கு ஒத்திகை.

திரையாகக் கட்டிய வெள்ளை பனியன் துணியில், கண்மூடிய என் முகம் ஆறடி உயர வீடியோவாக விழுந்தது. ஸ்பீக்கரில் நான் பதிவுசெய்த குரல்: "சாவு வரும்போது வரட்டும். பதறாதே."

டீ கொண்டுவந்த வாட்ச்மேன் அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க தம்பி, ஆருங்க தவறிட்டாங்க? மூக்குல பஞ்செல்லாம் வெச்சிருக்குது?"

அப்போதுதான் கவனித்தேன். ஷிப்ட் முடிந்து முகம் கழுவாமல் எடுத்த வீடியோ. மெஷினில் பறந்த பஞ்சு மூக்கின் இரண்டு துளைகளிலும்.

"நாந்தானுங்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஃபேன் காற்றில் துணி அசைந்தது. அந்த முகம் மூச்சு விட்டது. எதையும் அணைக்காமல் ரூமுக்கு ஓடிவந்துவிட்டேன்.

நான்கு முறை மூக்கைக் கழுவியாயிற்று. அங்கே அந்தக் குரல் இன்னும் "பதறாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

யாராவது முழித்திருந்தால் ஒரு ஹாய் போடுங்கள்.