கரும்பலகையின் இடது மூலை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரு சினிமாவில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் செவலைப் பசுகூட அதில் குறுக்கே நடந்து போகிறது. நான் மட்டும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஒரு கோடை விடுமுறையில் மதராஸிலிருந்து இரண்டு வேன்களில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதாநாயகன் கிராமத்துப் பள்ளிக்கு வருகிற கணக்கு வாத்தியார். கணக்கில் மகா மேதை. ஆகவே எண்ணெய் காணாத தலை, தடித்த கண்ணாடி, ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் ஷூ. யோசனையில் காப்பி டம்ளருக்குப் பதிலாக மைக்கூட்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிற காட்சியும் உண்டு. கணக்கு தெரிந்தவனுக்கு வேறெதுவும் தெரியாது என்பது சினிமாக்காரர்களின் தீர்மானமான முடிவு.

எங்கள் வீட்டில் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அத்தை, என் அப்பாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. படித்து, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். தாத்தா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். நெல் அவிப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். அவள் வடித்த சோறு ஒருநாளும் குழைந்ததில்லை. செருப்பை மாற்றிப் போட்டதும் கிடையாது. அவளிடம் இருந்ததே ஒரு ஜோடிதான்.

மறுநாள் வகுப்பறைக் காட்சி எடுக்கவேண்டும், கரும்பலகை நிறையக் கணக்கு வேண்டும் என்றார்கள். வாத்தியார்கள் எல்லாம் விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்கள். செட் அமைக்கிறவர், இந்த ஊரில் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்க, இளநீர் குலையோடு நின்றிருந்த நைனா, "எந் தங்கச்சி கீது" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

சாயங்காலம் அத்தை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பலகையின் இடது மூலையில் ஆரம்பித்தாள். ஒரு பெரிய சதுரம், அதற்குள் படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே போகிற கட்டங்கள், பக்கத்தில் நாலு வரி. அவ்வளவுதான். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

செட் அமைக்கிறவர் தலையைச் சொறிந்தார். "நல்லா கீதும்மா. ஆனா கோலம் மாதிரி கீது. பாக்கறவனுக்கு பயம் வரணும். தல சுத்தணும்."

"இதுல பயப்பட ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள் அத்தை.

"அதாம்மா கஷ்டம்."

மீதிப் பலகையை அவர் ஆசைப்பட்டபடியே நிரப்பிக் கொடுத்தாள். வேர்க்குறி, அடுக்குக்குறி, கிரேக்க எழுத்துகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூலையில் இருந்ததை மட்டும் தொடவிடவில்லை. அது ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கண்டுபிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எத்தனை எண்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் கனங்களைக் கூட்டினால் அந்த எண்களின் கூட்டுத்தொகையுடைய வர்க்கம் வந்து நிற்கும். அதைப் படமாகவே காட்டிவிடலாம். இதெல்லாம் எப்போதோ யாரோ கண்டுபிடித்ததுதான் என்று லெக்சரர் சொன்னாராம். "இருந்தா இன்னா, எனக்கு யாரும் சொல்லித்தரலியே" என்றாள் என்னிடம். எனக்கு அது விளங்கியது பத்தாவது படிக்கும்போதுதான்.

மறுநாள் படப்பிடிப்பைப் பார்க்க அவளை விடவில்லை. வயதுக்கு வந்த பெண், அங்கே ஒரே ஆம்பளைக் கூட்டம்.

அடுத்த வருஷம் சித்திரையில் அந்தப் படம் உத்திரமேரூர் ரோட்டு டெண்டு கொட்டாய்க்கு வந்தது. அதே நேரத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் அத்தையின் பி.எஸ்ஸி. விண்ணப்பம் நைனாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அறுப்பு முடியட்டும் என்று சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். அத்தை தினமும் அதை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைப்பாள்.

முதல் நாள் ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. பள்ளிக்கூடம் வந்ததும் விசில், எங்கள் பசு வந்ததும் அதைவிடப் பெரிய விசில். பிறகு அந்த வகுப்பறை. கதாநாயகன் பலகைக்கு முன்னால் வந்து நின்றதில் முக்கால்வாசி மறைந்துபோயிற்று. இடது மூலை மட்டும் தெரிந்தது, பத்து எண்ணும் நேரம். அதற்குள் கதாநாயகி வாசலில் வந்து நின்றாள். மேதை அவளைப் பார்த்தான், டஸ்டரை எடுத்தான், இடது மூலையில் தொடங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். கொட்டாய் அதிர்ந்தது. உடனே பாட்டு.

திரும்பும்போது, "உன் எழுத்து எங்கம்மா வந்திச்சு? அந்தாளு மறச்சிக்கினானே" என்றார் நைனா.

"வந்திச்சுண்ணா" என்றாள் அத்தை.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். துணைக்கு ஒன்பது வயது நான், எனக்கே துணை வேண்டிய வயது. மூன்றாவது முறை கிளம்பியபோது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்த அங்க இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கினு வா" என்றாள். பெரியவர்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது.

மறுநாள் காலையில் விசாரணை நடந்தது. "ஒரே படத்துக்கு இன்னாத்துக்கும்மா திரும்பத் திரும்பப் போற?" என்று நைனா மெதுவாகத்தான் கேட்டார்.

"போர்ட பாக்கத்தாண்ணா."

அம்மா சிரித்தே விட்டாள். "போர்ட பாக்கவா ஒருத்தி மூணு வாட்டி கொட்டாய்க்குப் போவா? போர்டு முன்னால நிக்கறவனப் பாக்கப் போறா."

நைனா என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "அத்த அழுவுது நைனா. அந்தாளு டஸ்டர கையில எடுத்தாலே அழுவுது. அந்தப் பொண்ணு பேர எழுதறப்போ மூஞ்சிய மூடிக்குது."

ஒரு சொல்கூட விடாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். கதாநாயகன் இன்னொருத்தி பெயரை எழுதுவது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அத்தை என்னையே பார்த்தாள். நைனா பரணிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, கிழிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் கெட்டவரில்லை. பயந்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். திருப்புட்குழிப் பக்கம், இரண்டு பம்புசெட்டு உள்ள குடும்பம். மாமாவும் நல்ல மனுஷர்தான்.

அந்தப் படம் அப்புறம் எங்கும் ஓடியதாகத் தெரியவில்லை. டி.வி.யில் போடுவார்கள் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். பிரிண்டே இல்லை என்கிறார்கள். இன்றைக்கும் சினிமாவில் கணக்கு மேதை வந்தால் தலை கலைந்துதான் வருகிறான், பலகையும் பயமாகத்தான் இருக்கிறது. நான் அவனை விட்டுவிட்டு இடது மூலையைத் தேடுவேன். அந்தப் பத்து எண்ணும் நேரம் ஒரே ஒருமுறை திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறும்போது, அத்தை குனிந்து என் காதில் கேட்டாள். "மூணு வாட்டி வந்தியே, எடது மூலையில நம்ம கட்டம் வந்திச்சே, அத நீயாவது பாத்தியா?"

"நான் எங்க அதப் பாத்தேன்? உன்னியேதான் பாத்துக்கினு இருந்தேன் அத்த."

அவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். யாரோ கூப்பிட்டார்கள், ஏறிக்கொண்டாள். அவள் மனசு குளிர்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் ஏரிக்கரை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தேன்.